கழுவுதொட்டியில் ஊற்றினால் எங்கே போகும்? இரசாயன ஆசிரியையிடம் கேள்வி பதில்

திருகோணமலையில் இருபத்துநான்கு வருடம் உயர்தரத்துக்கு இரசாயனவியல் படிப்பித்தேன். நிலைபேற்றை (வளங்களையும் சூழலையும் அடுத்த தலைமுறைக்கும் கெடாமல் வைத்திருப்பதை) இரசாயனப் பாடத்துக்குள் எப்படிக் கொண்டுவருவது என்பதுதான் என் முதுமாணி ஆய்வும். கேள்வி அனுப்பச் சொன்னேன், குவிந்துவிட்டன. ஒன்றை முன்பே சொல்லிவைக்கிறேன், பிறகும் சொல்வேன்: பரிசோதனை முடிந்ததும் மிச்சத்தைக் கழுவுதொட்டியில் ஊற்றாதீர்கள்.

மூதூர், ஆசிரியை: நிலைபேறு என்றால் தரம் 13 இன் கடைசியில் வரும் சூழல் மாசடைதல்தானே ரீச்சர்? அதை முடிக்கவே நேரமில்லை. ஆய்வுகள் புதிதாக என்ன சொல்கின்றன?

கடைசி அலகு என்று ஒதுக்கிவைத்ததுதான் பிழை, தங்கச்சி. 2012 இல் பேர்மைஸ்டர், ரவுச், ஐல்க்ஸ் என்ற மூவர் இதற்கு நான்கு வழிகளைப் பிரித்துக் காட்டினார்கள். ஆய்வுகூட வேலையையே பசுமையாக்குவது ஒன்று. அணுச் சிக்கனம் (போட்ட அணுக்களில் எவ்வளவு விளைபொருளுக்குள் போகிறது என்ற கணக்கு), கழிவும் நஞ்சும் முதலிலேயே உண்டாகாமல் பார்க்கும் பசுமை இரசாயனவியலின் 12 கோட்பாடுகள் போன்றவற்றைப் பாட உள்ளடக்கமாகச் சேர்ப்பது இன்னொன்று. ஊரே சண்டைபிடிக்கும் ஒரு பிரச்சினையை வகுப்பில் எடுத்து, பிள்ளைகளையே வாதாடி முடிவெடுக்க விடுவது மூன்றாவது. பாடசாலை முழுவதையும் அந்த வழிக்குத் திருப்புவது நான்காவது. நாங்கள் இரண்டாவதில் நின்றுவிடுகிறோம். 12 கோட்பாடுகளை அனஸ்தாசும் வோர்னரும் 1998 இல் எழுதினார்கள். பிள்ளைகள் அதைப் பாடமாக்கி ஒப்புவிக்கிறார்கள், ஒப்புவித்துவிட்டு மிச்ச அமிலத்தைத் தொட்டியில் ஊற்றுகிறார்கள்.

இரசாயனத்தை மூன்று மட்டத்தில் பார்க்கும் ஜோன்ஸ்ரனின் முக்கோணம் தெரிந்திருக்கும்: கண்ணால் காண்பது, துணிக்கை மட்டத்தில் நடப்பது, குறியீடு. மகாஃபி என்பவர் அதற்கு மேலே நான்காவது மூலையாக மனிதரை வைத்து நான்முகியாக்கினார். நிலாவெளி உப்பளத்தில் நின்றபோதுதான் அது எனக்கு உண்மையில் விளங்கியது. முதல் பாத்திகளில் கல்சியம் காபனேற்று படிகிறது, பிறகு ஜிப்சம், அதற்குப் பிறகுதான் சோடியம் குளோரைட்டு. கரைதிறன் பாடம் முழுவதும் காலடியில் கிடக்கிறது. கடைசியில் மிஞ்சும் நீரை ஒரு பிள்ளை விரலால் தொட்டு நாக்கில் வைத்து முகம் சுளித்தாள். மகனீசியம் உப்புக் கசப்பு. "இந்தத் தண்ணி இனி எங்க போகும் ரீச்சர்?" என்றாள். எந்தக் கைந்நூலிலும் இல்லாத கேள்வி அது. அன்றைக்கு என் பாடத்திட்டத்தை மூடி வைத்துவிட்டேன்.

வகுப்புக்குத் திரும்பிவந்து இதைக் கணிக்கச் சொல்லுங்கள். ஒரு லீற்றர் கடல்நீரை அடுப்பில் வற்றவைக்க ஏறத்தாழ 2.6 மெகாயூல் வேண்டும். அடுப்பின் வெப்பத்தில் பாதி வீணாகிறது என்று வைத்தால் ஏறக்குறைய 110 கிராம் சமையல் வாயு. கிடைப்பது 35 கிராம் உப்பு. உப்பளத்தில் அந்த வேலையை வெயிலும் காற்றும் சும்மா செய்துகொடுக்கின்றன. 2022 இல் வாயுச் சிலிண்டருக்கு வரிசையில் நின்ற வீட்டுப் பிள்ளைக்கு இந்தக் கணக்கை விளக்கத் தேவையில்லை.

கிண்ணியா, உயர்தர மாணவன்: இது பரீட்சைக்கு வருமா?

கரைதிறன் வரும். படி, மகன்.

உவர்மலை, ஆசிரியர்: 40 பிள்ளைகள், இருக்கிற இரசாயனப் பொருட்கள் மட்டுமட்டு. நியமிப்பை (அமிலத்தையும் காரத்தையும் அளந்து சேர்த்துச் செறிவைக் காண்பதை) சின்ன அளவில் செய்யலாமா? துல்லியம் கெடாதா?

செய்யலாம், கெடும்தான். ஒரு பிள்ளை மூன்று தரம், தரத்துக்கு 25 மில்லிலீற்றர் எடுத்தால் காரம் மட்டும் 3 லீற்றர், அமிலமும் ஏறக்குறைய அவ்வளவு. 5 மில்லிலீற்றர் எடுத்து, ஊசி கழற்றிய சிரிஞ்சால் சொட்டுச் சொட்டாக விட்டால் காரம் 600 மில்லிலீற்றரில் முடியும். ஒரு சொட்டு ஏறத்தாழ 0.05 மில்லிலீற்றர். அளவுக் கோடுள்ள கண்ணாடிக் குழாயான அளவியில் 25 க்கு ஒரு சொட்டுப் பிழை 0.2 வீதம், சிரிஞ்சில் 5 க்கு அதே சொட்டு 1 வீதம். இந்த வித்தியாசத்தைப் பிள்ளைகளையே கணிக்கவிடுங்கள், பிழை பற்றிய பாடமும் கூடவே முடிந்துவிடும். பழக்கத்துக்குச் சிரிஞ்சு, கடைசித் தரத்துக்கு அளவி. மிஞ்சிய அமிலத்தையும் காரத்தையும் ஒரே வாளியில் சேர்த்து நடுநிலையாக்கிய பிறகே வெளியேற்றுங்கள். பார உலோகம் சேர்ந்தது எதுவும் அந்த வாளிக்குள் வரக் கூடாது.

நகரம், மாணவி: செவ்வரத்தம்பூச் சாற்றைக் காட்டியாக (நிறம் மாறி அமிலமா காரமா என்று காட்டுவது) பாவிப்பது பசுமை இரசாயனவியல்தானே?

பூ என்பதற்காகப் பசுமையாகிவிடாது, பிள்ளை. சாற்றை எடுக்க என்ன கரைப்பான் பாவித்தாய், எவ்வளவு சூடாக்கினாய் என்று பார். சுடுநீரில் எடுத்தால் நல்லது. ஆனால் நிறம் மெதுவாக மாறுவதால் நியமிப்பு முடியும் முடிவுப்புள்ளி தெளிவாக விழாது. அமிலமா காரமா என்று பார்க்க மட்டும் போதும்.

நிலாவெளி, பெயர் வேண்டாம் என்றவர்: எங்கள் கிணற்றுத் தண்ணீரில் நைத்திரேற்று இருக்குமா?

கடற்கரை மணலில் மலசலகூடக் குழியும் பசளை போட்ட தோட்டமும் கிணற்றுக்குப் பக்கத்திலே இருந்தால் இருக்க வாய்ப்புண்டு. குடிநீருக்கு உலக சுகாதார நிறுவனம் சொல்லும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். இங்கே கேட்டு அறிய முடியாது, மாதிரியை நீர்வழங்கல் சபையின் ஆய்வுகூடத்துக்குக் கொடுங்கள்.

கந்தளாய், விவசாயி: இரசாயனப் பசளை நஞ்சு. நீங்கள் அதைப் படிப்பித்துக்கொண்டே நிலைபேறு பேசுகிறீர்கள். எருவும் கூட்டெருவும் போதும்.

தம்பலகாமம்: போதுமா அண்ணே? 2021 இல் போதும் போதும் என்றுதானே இரசாயனப் பசளை இறக்குமதியைத் தடைசெய்தார்கள்! எங்கள் வயலைக் கேட்டுப் பாருங்கள்.

இது வரும் என்று தெரியும். இதற்குப் பிறகு வந்த பதினேழு கேள்விகளும் இதைப் பற்றித்தான், ஆகவே எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரே பதில்.

கந்தளாய் அண்ணன், பயிர் நைதரசனை வேரால் எடுப்பது பெரும்பாலும் அமோனியமாகவும் நைத்திரேற்றாகவும். அது மாட்டிலிருந்து வந்ததா காற்றின் நைதரசனிலிருந்து அமோனியா செய்யும் ஏபர் முறையிலிருந்து வந்ததா என்று வேருக்குத் தெரியாது. யூரியாவில் நைதரசன் 46 வீதம். 100 கிலோ நைதரசனுக்கு 217 கிலோ யூரியா, நாலரை மூட்டைக்குள் அடங்கும். 1 வீத நைதரசன் உள்ள கூட்டெருவென்றால் 10,000 கிலோ வேண்டும், அதிலும் ஒரு பங்குதான் முதல் போகத்தில் பயிருக்குக் கிடைக்கும். 2021 மே மாதம் தடை வந்து நவம்பரில் நீக்கப்பட்டது. அந்த ஆறு மாதத்துக்குள் இவ்வளவு எருவுக்கு எங்கே போவது? வகுப்பில் 15 நிமிடத்தில் போடக்கூடிய கணக்கு இது.

தம்பலகாமம் தம்பி, நீங்கள் வென்றுவிட்டதாக நினைக்க வேண்டாம். யூரியாவை மேலாக எறிந்துவிட்டு வந்தால் ஒரு பங்கு அமோனியாவாகக் காற்றில் போகிறது, ஒரு பங்கு கழுவுண்டு குளத்துக்கும் கொட்டியாரக் குடாவுக்கும் போகிறது. இன்னும் கொஞ்சம் நைதரசு ஒட்சைட்டாகிறது. நூறு வருடக் கணக்கில் அது காபனீரொட்சைட்டைப் போல 270 மடங்குக்கு மேல் வெப்பத்தைப் பிடிக்கும். நம்பிக்கை இல்லையென்றால் ஜாம் போத்தலில் ஈர மண், ஒரு தேக்கரண்டி யூரியா போட்டு, மூடிக்குள் நனைத்த சிவப்புப் பாசிச்சாயத்தாளை ஒட்டி மூடிவையுங்கள். அமோனியா காரம் என்பதால் இரண்டொரு நாளில் தாள் நீலமாகும். மூடியைத் திறந்தால் மூக்கும் சொல்லும். உங்கள் காசுதான் அந்த மணம்.

கூட்டெருவோடு, இலையின் பச்சையை ஒப்பிட்டு நைதரசன் தேவையைக் காட்டும் இலை நிற அட்டையை வைத்துப் பார்த்து தேவையான நேரத்தில் தேவையான அளவு யூரியா என்பதுதான் என் பக்கம். இரண்டு பக்கமும் என்னை ஏசுவீர்கள், சரி. மேலே சொன்ன மூன்றாவது வழி இதுதான், முதல் கேள்வி கேட்ட தங்கச்சி கவனிக்கவும்.

கந்தளாய் அண்ணன் மறுபடி: அப்போ எங்கள் பாட்டன் காலத்தில் என்ன போட்டார்கள்?

எருவும் தழையும். அதற்கேற்ற விளைச்சலும் அதற்கேற்ற சனத்தொகையும் இருந்தன. இனிப் பசளைக் கேள்விகள் எடுக்கமாட்டேன்.

பெயரில்லை: பசளைக் கேள்வி இல்லை ரீச்சர், பூச்சிநாசினி பற்றி...

இல்லை.

மூன்று பேர், தனித்தனியாக: பரீட்சைக்கு வருமா?

மேலே பாருங்கள்.

குச்சவெளி, மாணவன்: செயற்றிட்டத்துக்குத் தலைப்பு தாருங்கள்.

தலைப்பு தந்தால் அது என்னுடைய செயற்றிட்டமாகிவிடும். புல்மோட்டை உனக்குப் பக்கத்தில் இருக்கிறது. அந்த மணலில் இல்மனைற்று, உரூற்றைல், சேர்க்கோன் என்ற கனியங்கள் எல்லாம் இருக்கின்றன. இல்மனைற்றிலிருந்து வெள்ளைப் பூச்சுக்குரிய தைத்தேனியம் ஈரொட்சைட்டைச் சல்பூரிக் அமில முறையில் எடுத்தால் இரும்புச் சல்பேற்று மிஞ்சும். மிஞ்சியது எங்கே போகும்? இனி நீ தேடு.

நகர்ப்புறம், ஆய்வுகூட உதவியாளர்: அலுமாரியின் கடைசித் தட்டில் செம்மஞ்சள் பளிங்குள்ள ஒரு பழைய போத்தல். சுட்டி பாதி கிழிந்திருக்கிறது, "இருகுரோமேற்று" என்று மட்டும் வாசிக்க முடிகிறது. கரைத்து ஊற்றிவிடவா?

ஊற்றாதீர்கள்! கழுவுதொட்டியிலும் வேண்டாம், மண்ணிலும் வேண்டாம். அது ஆறு வலுவளவுள்ள குரோமியம், புற்றுநோய் தரக்கூடியது. கையுறை போட்டு, போத்தலோடு அப்படியே மூடியுள்ள பிளாஸ்ரிக் பெட்டிக்குள் வைத்து, மேலே பெயரும் திகதியும் எழுதி, பூட்டிவையுங்கள். இருப்புப் புத்தகத்தில் பதிந்து, அதிபர் மூலம் வலயக் கல்வி அலுவலகத்துக்கு எழுத்தில் அறிவியுங்கள். பிள்ளைகளைக் கொண்டு தூக்குவிக்க வேண்டாம். மூடியில் வெடிப்பு இருக்கிறதா என்று பார்த்து எனக்கு ஒரு படம் அனுப்புங்கள்.