தாய்ப்பால் கொடுக்கும்போது உடற்பயிற்சி செய்து எடை குறைக்கலாமா?

குழந்தைக்கு 3 மாதம், பழைய எடைக்குத் திரும்ப வேண்டும், வேகமாக நடந்தால் பால் வற்றுமா என்று நாகர்கோவிலில் இருந்து கேட்டிருக்கிறீர்கள். வற்றாது. மிதமான பயிற்சி பாலின் அளவையோ சத்தையோ குறைப்பதில்லை. "வேர்த்தா பால் புளிச்சுப் போகும்" என்று வீட்டுப் பெரியவர்கள் சொன்னால் சிரித்துவிட்டுக் கிளம்புங்கள்.

பாலைக் குறைப்பது பட்டினிதான். பால் சுரக்கவே தினம் 400, 500 கலோரி கூடுதலாகச் செலவாகிறது. அதனால் சாப்பாடு 1,800 கலோரிக்குக் கீழே இறங்க வேண்டாம். வாரம் அரைக் கிலோ குறைந்தாலே போதும். சாளை மீன் குழம்பு அப்படியே இருக்கட்டும். மரச்சீனிக் கிழங்கைத் தட்டு நிறையக் குவிப்பதைப் பாதியாக்குங்கள். நேந்திரங்காய் சிப்ஸ்? அதை வாங்கி வைக்காமல் இருப்பதே வழி.

கிளம்பும் முன் பால் கொடுத்துவிடுங்கள், மார்பு கனக்காது. நன்றாகத் தாங்கும் உள்ளாடை, ஒரு பாட்டில் தண்ணீர், 20 நிமிட நடை. சங்குத்துறை கடற்கரை மணலில் இப்போதே ஓட வேண்டாம். மூட்டுகள் இன்னும் கொஞ்சம் இளகியிருக்கும், சமமான ரோடே நல்லது. சிசேரியன் என்றால் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். அப்புறம், உதிரப்போக்கு மறுபடி வந்தாலோ தலை சுற்றினாலோ அன்றைக்கே நிறுத்திவிட்டு அவரைப் பாருங்கள்.