மாமா தந்த ஜிபிஎஸ்ஸுக்கு எந்த மெப் போடலாம்?

உப்புவெளியில இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "கனடாவில இருந்து வந்த மாமா தன்ர பழைய கார்மின் ஈட்ரெக்ஸ் 20 எண்ட கையடக்க ஜிபிஎஸ் கருவியை எனக்குத் தந்திட்டுப் போயிட்டார். உள்ளுக்க கனடா மெப் மட்டும்தான் இருக்கு. வாற லீவுக்கு நாலு பேர் நக்கிள்ஸ் ஏறப் போறம், இஞ்ச திரியாய், கன்னியாப் பக்கமும் நடக்கிறனாங்கள். எந்த டொப்போ மெப் (மேடு பள்ளம் காட்டுற இடவிளக்கப்படம்) சொப்ட்வெயாரைக் காசு குடுத்து வாங்கலாம்?"

தம்பி, இப்போதைக்கு ஒண்டும் வாங்காதேங்கோ. சொப்ட்வெயார் வெறும் சட்டி, மெப்தான் அரிசி. எங்கட நாட்டுக்கு அரிசி எங்க இருக்கெண்டு முதல்ல பாப்பம்.

நெட்டில தேடினால் முதல்ல வாறதில கனக்க அமெரிக்காக்காரருக்கு எழுதினது. அவையளுக்கு யூஎஸ்ஜிஎஸ் எண்ட அரச நிறுவனம் 1:24,000 அளவுத்திட்டத்தில இடவிளக்கப்படம் கீறி இப்ப இலவசமாவே குடுக்குது, நெஷனல் ஜியோகிரபிக் டொப்போ, டெலோர்ம் டொப்போ எண்டு ஆக்கள் இப்பவும் புகழுற பழைய சொப்ட்வெயார் எல்லாம் அந்த நாட்டுக்கெண்டு செய்தது, டெலோர்மை 2016ல கார்மினே வாங்கியும் விட்டுது. அதுகளை வாங்கித் திருகோணமலையில திறந்தால் ஒண்டும் வராது. கார்மினின்ர காசு மெப்பிலயும் ஒண்டு கவனியுங்கோ: மெமரி காட்டோட வாறது அந்த மெமரி காட்டுக்கு மட்டும், டவுன்லோட் பண்ணுறது ஒரு கருவிக்கு மட்டும் எண்டு பூட்டித்தான் தருவினம், பிறகு கருவி மாத்தினால் மெப்பும் கையில இல்லை.

எங்களுக்கு நில அளவைத் திணைக்களத்தின்ர 1:50,000 படம் இருக்கு, முழு நாட்டுக்கும் 92 சீட்டு. அதுக்கு முந்தி ஒரு அங்குலத்துக்கு ஒரு மைல், 1:63,360. குளம், குளக்கட்டு, பழைய காட்டுப்பாதை எல்லாம் அந்தப் பழைய சீட்டுகளில இருக்கிற மாதிரி நான் வேற எங்கயும் காணேல்லை. ஆனா அதை அப்பிடியே கருவிக்குள்ள போடேலாது. கையில எடுத்துக்கொண்டு போறதுக்கு வாங்குங்கோ, கட்டாயம் வாங்குங்கோ.

கருவிக்குள்ள போட ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில (ஆக்கள் தாங்களே சேந்து கீறுற இலவச உலக மெப்) இருந்து செய்த இலவச மெப் போதும். ஓப்பன்டொப்போமெப் தளத்தில நாடு நாடா கார்மினுக்கு ஏத்த ஃபைல் இருக்கு, சமவுயரக்கோடு ஃபைலும் இருக்கு, இலங்கையை எடுங்கோ. உங்கட ஈட்ரெக்ஸ் 20ல பட்டரிக்குக் கீழ மைக்ரோ எஸ்டி காட் போடுற இடம் இருக்கு (ஈட்ரெக்ஸ் 10 எண்டால் காட்டே போடேலாது, மாமா நல்லதாத்தான் தந்திருக்கிறார்). 32 ஜிபிக்கு மேற்படாத காட் ஒண்டை ஃபெட்32ல ஃபோர்மட் பண்ணி, 'கார்மின்' எண்டு இங்கிலீஷில ஒரு ஃபோல்டர் செய்து, இறக்கின மெப் ஃபைலை (ஐஎம்ஜி எண்டு முடியும்) அதுக்குள்ள போட்டால் சரி. பிறகு கருவியின்ர மெப் செட்டப்பில கனடா மெப்பை நிப்பாட்டி விடுங்கோ. கொம்பியூட்டரில பாதை கீறிப் பாக்க கார்மினின்ர பேஸ்கேம்ப் இருக்கு, லினக்ஸ் எண்டால் கியூமெப்ஷெக், ரெண்டும் இலவசம். நீங்கள் கேட்ட சொப்ட்வெயாருக்கு என்ர பதில் இவ்வளவுதான்.

இனி அந்த மெப்பை எவ்வளவு நம்பலாம் எண்டதுதான் கதை.

இலவச மெப்புகளில வாற சமவுயரக்கோடு அநேகமா எஸ்ஆர்டிஎம் தரவில இருந்து வாறது. 2000 பெப்ரவரியில எண்டெவர் விண்ணோடம் 11 நாள் சுத்தி ரேடாரால அளந்தது, ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஒரு புள்ளி. அடர் காட்டில ரேடார் முழுசா நிலத்துக்கு இறங்காது, மரத்தின்ர உயரமும் கொஞ்சம் சேந்துதான் வரும், ரெண்டு புள்ளிக்கு நடுவில ஒரு கல்லு நெட்டுக்குத்தா நிண்டாலும் அதுக்குத் தெரியாது. நம்பாட்டில் கோணேசர் கோயிலுக்குப் போய் இராவணன் வெட்டுக்குப் பக்கத்தில நிண்டு மெப்பைத் திறந்து பாருங்கோ. கண்ணுக்கு முன்னால மலை நேர கடலுக்குள்ள விழுது, மெப்பில கோடுகள் சாதாரண சரிவு மாதிரி விலகி விலகி இருக்கும். நக்கிள்ஸில மூடுபனிக்குள்ள "கோடு அகலமா இருக்கு, இறங்கலாம்" எண்டு நினைச்சுப் பாதையை விட்டு இறங்கிறவருக்கு அதே பிழைதான் வரும். தயவுசெய்து அப்பிடி இறங்காதேங்கோ.

அடுத்தது டேட்டம், அதாவது அகலாங்கு நெட்டாங்கை எதை வைச்சு அளக்கிறதெண்ட அடிப்படை. எங்கட பழைய படங்கள் கண்டவளை டேட்டத்தில கீறினது, ஜிபிஎஸ் கணக்குப் பாக்கிறது டபிள்யூஜிஎஸ் 84ல. ரெண்டுக்கும் வித்தியாசம் இஞ்சத்தைய பக்கம் 200 மீட்டருக்கு மேல. கனகாலத்துக்கு முந்தி ஒரு பழைய சீட்டில இருந்து சின்னக் குளம் ஒண்டின்ர அகலாங்கு நெட்டாங்கைக் குறிச்சு அப்பிடியே கருவியில அடிச்சிட்டு, திரியாய்க்கு உள்பக்கக் காட்டில போய் நிண்டனான். கருவி "வந்திட்டாய்" எண்டுது, சுத்திவர வீரை மரமும் பாலை மரமும்தான், தண்ணி வாடையே இல்லை, போத்தலில இருந்த தண்ணியும் முடியுது. ஒரு மணித்தியாலம் அலைஞ்சு பிறகு கிழக்க நடக்க, குளக்கட்டு மரத்துக்குள்ளால தெரிஞ்சுது. கருவியில பொசிஷன் ஃபோர்மட்டுக்குப் போனால் டேட்டம் பட்டியலில கண்டவளை எண்ட பேர் இருக்கு. பழைய சீட்டில இருந்து எண் எடுத்து அடிக்கேக்க மட்டும் அதுக்கு மாத்துங்கோ, அடிச்சு முடிய டபிள்யூஜிஎஸ் 84க்குத் திருப்பி விடுங்கோ. ஆருக்காவது போனில நிக்கிற இடம் சொல்லேக்கயும் எந்த டேட்டம் எண்டு சேத்துச் சொல்லுங்கோ, அவசரத்துக்குத் தேடி வாறவைக்கு 200 மீட்டர் காடு சின்ன விசயமில்லை.

போனையும் ரெண்டாவது கருவியா வைச்சிருங்கோ. ஓஸ்மண்ட், ஓர்கானிக் மெப்ஸ் ரெண்டும் சிக்னல் இல்லாமலே வேலை செய்யும், வீட்டில வைஃபையில இலங்கை மெப்பை இறக்கிட்டால் காணும். ஆனா உயரத்தைப் பாத்துப் பயப்பிடாதேங்கோ: சில போன் ஆப்பில நிலாவெளிக் கடற்கரையில நிண்டாலும் கடல்மட்டத்துக்குக் கீழ 90 மீட்டருக்கு மேல எண்டு காட்டும். போன் பழுதில்லை. ஜிபிஎஸ் உயரம் அளக்கிற கணித முட்டையும் (பூமிக்கெண்டு கணக்கில வைச்சிருக்கிற சீரான வடிவம்) உண்மையான கடல்மட்டமும் உலகத்திலயே கூட விலகி நிக்கிற இடம் எங்கட இந்து சமுத்திரப் பக்கம்தான். ஓஸ்மண்டில உயரத் திருத்த ஃபைல் ஒண்டு டவுன்லோட் பண்ணலாம், போட்டால் சரியாகும். உங்கட ஈட்ரெக்ஸ் அந்தத் திருத்தத்தைத் தானே செய்யும்.

நக்கிள்ஸுக்கு முதல் கன்னியாவில ஒரு நாள் சோதிச்சுப் பாருங்கோ. ட்ராக்கைப் (நடக்கிற தடத்தைக் கருவி பதியிறது) போட்டிட்டு ரோட்டால நடந்து வெந்நீரூத்து மட்டும் போய்த் திரும்பி வந்து, மெப்பில இருக்கிற ரோட்டுக்கு மேலயே ட்ராக் விழுதோ எண்டு பாக்கோணும். ஏழு கிணறும் ஒரு சின்ன முற்றத்துக்குள்ள இருக்கிறதால, கருவி 5 மீட்டர் பிழை விட்டாலே எந்தக் கிணத்தடியில நிக்கிறியள் எண்டு அதுக்குத் தெரியாது. அதைக் கண்ணால ஒருக்காக் கண்டால், காட்டில ஒத்தையடிப் பாதை ரெண்டாப் பிரியிற இடத்தில ஸ்கிரீனை எவ்வளவு நம்பலாமெண்டு விளங்கும். திரியாய்ப் பக்கத்தில நீங்கள் நடக்கிற பாதை மெப்பில இல்லாட்டில் ட்ராக்கை ஜிபிஎக்ஸ் எண்ட ஃபைலா எடுத்து ஓப்பன்ஸ்ட்ரீட்மெப்பில நீங்களே கீறி விடுங்கோ, எங்கட ஊர்ப்பக்கம் கீற ஆக்கள் காணாது.

மெப்பில பாதை இருக்கெண்டதுக்காகப் போக அனுமதி இருக்கெண்டு இல்லை. நக்கிள்ஸ் வனத் திணைக்களத்தின்ர பாதுகாப்புக் காடு, ரிக்கற், வழிகாட்டி பற்றி முதலே விசாரியுங்கோ. எங்கட பக்கம் யானை, மிதிவெடிப் பலகை எண்டு ஊராக்கள் சொல்லுறதை எந்த மெப்பும் காட்டாது, வெளிக்கிட முதல் கிராமத்தில கேளுங்கோ.

பட்டரி ரெண்டு டபுள் ஏ. சார்ஜ் பண்ணுறது போட்டால் செட்டப்பில பட்டரி வகையை நிக்கல் மெட்டல் ஹைட்ரைட் (NiMH) எண்டு மாத்துங்கோ, இல்லாட்டில் மிச்சம் எவ்வளவெண்டு பிழையாக் காட்டும். மேலதிகமா நாலு எடுத்து மழை நனையாமப் பொலித்தீனில சுத்தி வையுங்கோ.