மரிக்கொழுந்தும் மலேரியா மருந்தும்: கேள்வி பதில்

உடம்புக்குள்ளும் மேலும் ஒட்டிப் பிழைக்கும் கிருமி, புழு, பேன் வகையறாக்களுக்குச் செடிகளில் மருந்து உண்டா என்று கேட்டிருக்கிறீர்கள். மருந்தியல் கல்லூரியில் மூலிகைப் பாடம் எடுத்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் பதில் சொல்கிறேன்.

மாட்டுத்தாவணி பூ வியாபாரி: சார், மலேரியா மருந்து எடுக்கிற செடிக்கு நம்ம மரிக்கொழுந்து சொந்தமாமே? கசாயம் வைத்துக் குடிக்கலாமா?

சொந்தம்தான் அண்ணே. இரண்டும் ஆர்ட்டிமீசியா பேரினம். ஆனால் மருந்து எடுப்பது ஆர்ட்டிமீசியா அன்னுவா என்ற செடியிலிருந்து. நீங்கள் கட்டி விற்பது ஆர்ட்டிமீசியா பேலன்ஸ். அது வாசத்துக்கு, மாலைக்கு.

கசாயம் என்றீர்களே, கதையே அங்கேதான் இருக்கிறது. சீனாவில் தூ யூயூ என்ற பெண் விஞ்ஞானி அந்த அன்னுவா செடியை ஆராய்ந்தபோது சாறு ஒரு நேரம் வேலை செய்தது, ஒரு நேரம் செய்யவில்லை. சுமார் 1,600 வருடத்துக்கு முந்தைய ஒரு வைத்திய நூலைப் புரட்டினால், 'ஒரு பிடி செடியைத் தண்ணீரில் ஊறவைத்துப் பிழிந்து குடி' என்று இருந்தது. அடுப்பில் வைக்கச் சொல்லவே இல்லை. சூட்டில்தான் மருந்து கெடுகிறது என்று பிடித்துக்கொண்டு, குறைந்த வெப்பத்தில் ஈதர் என்ற கரைப்பானைக் கொண்டு பிரித்தார். 1972இல் ஆர்ட்டிமிசினின் என்ற அந்த மருந்து தனியாகக் கிடைத்தது, 2015இல் நோபல் பரிசு. அந்த மூலக்கூறில் இரண்டு ஆக்சிஜன் அணுக்கள் கைகோத்த பாலம் ஒன்று உண்டு. மலேரியா கிருமி நம் ரத்தச் சிவப்பை, அதாவது ஹீமோகுளோபினை, தின்னும்போது வெளிவரும் இரும்பு அந்தப் பாலத்தை உடைக்கும். உடைந்ததும் அது கிருமியையே பதம் பார்த்துவிடும்.

சரி, அந்தச் செடியையே வளர்த்துக் குடித்தால்? கூடாது. இலைக்கு இலை மருந்தின் அளவு மாறும். உடம்பிலிருந்தும் சில மணி நேரத்தில் வெளியேறிவிடும். அதனால்தான் மாத்திரையில் நீண்ட நேரம் நிற்கும் இன்னொரு மருந்தைத் துணைக்குச் சேர்க்கிறார்கள். அரைகுறை அளவு, கிருமியை மருந்துக்குப் பழக்கிவிடும். குளிர் காய்ச்சல் என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்தம் கொடுத்துப் பாருங்கள்.

செல்லூரிலிருந்து ஒரு அம்மா: மகள் தலையில் பேன். சீத்தாப்பழக் கொட்டையை அரைத்துத் தேய்க்கச் சொல்கிறார் மாமியார்.

மாமியார் சொல்வது பொய்யில்லை அம்மா, பேன் சாகும். அந்தக் கொட்டையில் உள்ள அசிட்டோஜெனின்கள் என்ற நச்சுப் பொருள்கள் பூச்சியின் செல்லுக்குள் சக்தி தயாராகும் இடத்தையே அடைத்துவிடும். ஆனால் அதே பொடி கண்ணில் பட்டால் கருவிழிப் படலம் புண்ணாகிவிடும். தலையிலிருந்து வழிந்து கண்ணுக்குள் இறங்க எவ்வளவு நேரமாகும்? வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே பட்டிருந்தால் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி, உடனே கண் டாக்டரிடம் போங்கள். பேனுக்கு ஈரத்தலையில் பேன் சீப்பு, பெர்மெத்ரின் லோஷன், ஒன்பது பத்து நாள் கழித்து மறுபடி ஒருமுறை. வீட்டில் எல்லோர் தலையையும் பாருங்கள்.

திருமங்கலத்திலிருந்து ஒருவர்: குழந்தை வயிற்றுப் பூச்சிக்கு வேப்பெண்ணெய் ஒரு ஸ்பூன்?

ஒரு சொட்டும் வேண்டாம். குழந்தைகளுக்கு வலிப்பு, மூளை பாதிப்பு வரை கொண்டுபோன விஷயம் அது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் தரும் அல்பெண்டசோல் என்ற பூச்சி மாத்திரை போதும். செடி மருந்து என்றால், பப்பாளி விதை வயிற்றுப் பூச்சியைப் போக்குமா என்று நைஜீரியாவில் 60 குழந்தைகளை வைத்து ஒரு சோதனை நடந்தது. நல்ல பலன்தான், ஆனால் சின்ன சோதனை.

உசிலம்பட்டி ஆட்டுக்காரர்: கருவேலங்காய் தின்றால் ஆட்டுக்குப் புழு போகுமா?

கொஞ்சம் குறையும் தம்பி. காயில் இருக்கும் துவர்ப்பு, அதாவது டேனின், குடலில் உள்ள புழுவைத் தளர்த்தி முட்டையைக் குறைக்கும். அளவு மீறினால் ஆடே தீனியைக் குறைத்துவிடும். கீழ் இமையைப் புரட்டிப் பார். வெளுத்திருந்தாலோ, தாடைக்கடியில் நீர் கோத்திருந்தாலோ ரத்தம் உறிஞ்சும் புழு முற்றிவிட்டது. அப்போது காயை நம்பி உட்காராதே. சாணியைக் கால்நடை மருந்தகத்தில் காட்டி, ஆட்டின் எடையைப் பார்த்து மருந்து ஊற்று. கண்ணளவில் குறைத்து ஊற்றுவதுதான் மருந்துக்கு மசியாத புழுவை வளர்க்கிறது.

முதுகலை மாணவி: அழகர்மலையடியில் பறித்த ஒரு செடியின் சாறு, கண்ணாடித் தட்டில் புழுக்களைக் கொன்றுவிட்டது ஐயா. அடுத்து என்ன?

சந்தோஷம். தட்டில் கெட்டியான உப்புத் தண்ணீரும்தான் கொல்லும்! எத்தனை மைக்ரோகிராமில் கொன்றது, அதே அளவில் மனித செல் பிழைக்கிறதா, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார். அப்புறம் எந்தக் கூறு கொன்றது என்று பிரிக்கலாம். அதற்கெல்லாம் முன்னால் ஒரு கேள்வி: பறித்த செடியில் பூவோடு ஒரு கொப்பைக் காயவைத்து ஹெர்பேரியத் தாளில், அதாவது எந்தச் செடி என்று பின்னால் உறுதி செய்யப் பாதுகாக்கும் தாளில், ஒட்டி வைத்தாயா? இல்லையென்றால் பூக்கிற பருவத்தில் மறுபடி போய்ப் பறித்து வா.