வெளிநாட்டு உதவி ஏழை நாட்டைத் தூக்கிவிடுமா? கேட்டவர்களுக்குப் பதில்

சுனாமிக்கு அப்புறம் இரண்டு வருஷம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கொளச்சல் முதல் மணக்குடி வரை மறுவாழ்வு வேலையில் இருந்தவன் நான். கேட்டதற்கெல்லாம் தெரிந்தவரை சொல்கிறேன்.

தக்கலையிலிருந்து: அண்ணே, ஒரே வார்த்தையில சொல்லுங்க, நல்லதா கெட்டதா?

ஒரே வார்த்தையில் முடியாது தம்பி. பெரியம்மை ஒழிந்துவிட்டது என்று 1980இல் அறிவித்தார்கள், வெளிநாட்டுப் பணமும் மருந்தும் வராமல் அது நடந்திருக்காது. ஊசி போட்டாச்சு, வேலை முடிந்தது, மாசாமாசம் அதற்கு எண்ணெய் ஊற்ற வேண்டாம். எந்தத் திட்டம் வந்தாலும் நான் முதலில் கேட்பது, கொடுத்தவன் போன பிறகு செலவு யார் தலையில் என்பதுதான்.

முட்டத்திலிருந்து: நீண்டகரை நார்வே திட்டத்தால கடற்கரை ஆட்களுக்கு நல்லது நடந்ததா?

நல்ல கேள்வி. நார்வே நாட்டு உதவியில் வந்த மீன்பிடித் திட்டம் அது; 1953இல் கொல்லம் பக்கம் நீண்டகரையில் தொடங்கினார்கள், அப்போது நம்ம ஊரும் அதே திருவிதாங்கூர்-கொச்சி மாநிலம்தான். மீனவன் கையில் காசு சேரவேண்டும், ஊர்க்காரனுக்கு மீன் கிடைக்கவேண்டும் என்பது நோக்கம். எஞ்சின் படகு, ஐஸ் ஆலை, ஆஸ்பத்திரி, குடிதண்ணீர் எல்லாம் வந்தது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் இறால் ஏற்றுமதியில் டாலர் இருக்கிறது என்று தெரிந்ததும் முதல் போட வசதியுள்ளவர்கள் விசைப்படகோடு இறங்கிவிட்டார்கள், இழுவைமடி வலை கடல் அடியைச் சுரண்டியது, கட்டுமரக்காரன் வலை அறுந்தது, சண்டை வந்தது. கடைசியில் 1988இலிருந்து கேரளத்தில் மழைக்கால இழுவைத் தடை. நார்வேக்காரர்கள் கெட்ட எண்ணத்தோடு வரவில்லை. லாபம் யார் கைக்குப் போகும் என்று மட்டும் அவர்கள் கணக்குப் போடவில்லை.

மார்த்தாண்டத்திலிருந்து: சார், உதவியோட நிபந்தனையும் வருமாமே?

வரும். கரீபியன் கடலில் உள்ள ஏழை நாடு ஹைட்டியைப் பாருங்கள். உதவி கொடுத்தவர்கள் நெருக்கியதால் 1995இல் அரிசி இறக்குமதி வரியை 3 சதவீதமாகக் குறைத்தார்கள், மானியம் வாங்கிய அமெரிக்க அரிசி வந்து குவிந்தது, உள்ளூர் நெல் விவசாயி நொடித்துப் போனான். அது தவறு என்று 2010இல் முன்னாள் அமெரிக்க அதிபர் கிளிண்டனே ஒப்புக்கொண்டார்.

கொளச்சலிலிருந்து: சுனாமி நேரம் ஃபைபர் வள்ளம் அள்ளிக் கொடுத்தாங்களே, அது?

மனசு நிறைந்து கொடுத்தார்கள், கேட்காமல் கொடுத்தார்கள். ஒரே வீட்டுக்கு இரண்டு அமைப்பு வள்ளம் கொடுத்ததையும் பார்த்தேன், பக்கத்துத் தெருவில் வலை பின்னிப் பிழைத்த விதவைக்கு ஒன்றுமே வரவில்லை. ஒரு பெரியவர் புது வள்ளத்தைக் கவிழ்த்துப் போட்டு, அடியில் கோழி அடைத்துவிட்டு, பழைய கட்டுமரத்திலேயே போய்வந்தார். ஏன் பாட்டா என்றேன். "எண்ணெய்க்கு யாரு மக்கா தருவா?" என்றார். தமிழ்நாட்டுக் கரை முழுக்க வள்ளம் பெருகியது, பிடிக்க இருந்த மீன் அதே மீன்தான்.

நாகர்கோவிலிலிருந்து: அப்போ உதவியை நிறுத்திரலாமா அண்ணா?

கூடவே கூடாது. தென்கொரியா உதவி வாங்கிய நாடு, 2010இல் கொடுக்கும் நாடுகளின் குழுவில் சேர்ந்தது. நிறுத்துவதிலும் முறை இருக்கிறது. 2025இல் அமெரிக்கா வெளிநாடுகளுக்கு உதவி கொடுத்துவந்த தன் யுஎஸ்எய்ட் அமைப்பைத் திடீரென்று மூடியபோது, ஆப்பிரிக்காவில் அந்தப் பணத்தை நம்பி எச்.ஐ.வி. மாத்திரை கொடுத்துவந்த மருத்துவமனைகள் திணறின. மாத்திரை நின்றால் ரத்தத்தில் கிருமி மறுபடி ஏறும். அந்த நாடுகள் தங்கள் பட்ஜெட்டில் மாத்திரைக்குப் பணம் ஒதுக்கும்வரை பொறுத்து, வருஷாவருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்திருக்க வேண்டும்.