நீலகிரியில் உள்ள சமுதாயக் கல்லூரியில் படிக்கிறேன். மாணவர் தலைமைத்துவச் செயல்திட்டமாக எதை எடுத்துச் செய்யலாம்?

நானும் உதகையில் ஓராண்டுப் பட்டயப் படிப்பு படித்தவன் என்பதால், எங்கள் அணி முதலில் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். தலைமைத்துவச் செயல்திட்டம் என்றவுடன் எங்களுக்கு மரம் நடுவிழாதான் தோன்றியது. ஊருக்கு வெளியே வெறுமையாகத் தெரிந்த ஒரு புல்மேட்டில் கன்றுகளை நட்டுப் படமும் எடுத்துக்கொண்டோம். பிறகு அந்தப் பக்கம் வந்த வனக்காவலர் ஒருவர், நீலகிரியின் மேல்மலையில் புல்வெளியும் சோலையும் சேர்ந்தே இயற்கைக் காடு என்றும், மழைநீரைப் பிடித்துவைத்து ஓடைகளுக்கு மெல்ல விடுவதில் அந்தப் புல்லுக்கும் பங்குண்டு என்றும், வெள்ளையர் காலத்தில் விறகுக்காகக் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரம் அதை விழுங்கியதே போதாதா என்றும் கேட்டார். எங்களிடம் பதில் இல்லை. காடுகளில் பரவிய அயல்நாட்டுக் களையான உண்ணிச்செடியை அகற்றுவதும் அவ்வளவு எளிதில்லை: வெட்டிய கட்டை மீண்டும் துளிர்க்கும், வேரோடு பிடுங்கிய இடத்திலும் நாற்றுகளை ஆண்டுக்கணக்கில் களைய வேண்டும். ஓராண்டில் வெளியேறிவிடும் மாணவர்கள் தனியாக ஏற்கக்கூடிய வேலை அன்று அது. நெகிழி ஒழிப்புப் பேரணியைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. தடை ஏற்கெனவே இருக்கிறது.

ஆகவே, உங்களுக்குப் பின் வரும் அணியும் எடுத்து நடத்தக்கூடிய ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள் என்பதே என் கருத்து. எங்களுக்கு அப்படி அமைந்தது சான்றிதழ் உதவி மேசை. உடன் படித்தவர்களில் பலர் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் வரிசைக் குடியிருப்புகளான லயன் வீடுகளிலிருந்து வந்தவர்கள். 1964ஆம் ஆண்டு இந்திய-இலங்கை ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய குடும்பங்களின் பேரப்பிள்ளைகளும் அவர்களில் உண்டு. கொழுந்து பறிக்கப் போகும் தாய் ஒரு நாள் கூலியை விட்டுத்தான் பிள்ளையின் சான்றிதழுக்காக வட்டாட்சியர் அலுவலகத்துக்கு வர முடியும். அப்படி வந்த நாளில், ரேஷன் கார்டில் ஒரு பெயரும் மாற்றுச் சான்றிதழில் வேறொரு பெயரும் இருப்பதாகச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டால் அந்தக் கூலியும் போய்விடும். பழங்குடியினருக்கான சாதிச் சான்றிதழை வழங்குபவர் கோட்டாட்சியர் என்பதால், நேரில் போக நேர்ந்தால் கோத்தகிரிக்காரர் குன்னூருக்கும் பந்தலூர்க்காரர் கூடலூருக்கும் போக வேண்டும் என்பதுகூட எங்களில் பலருக்குத் தெரிந்திருக்கவில்லை.

மேசை என்றால் உண்மையிலேயே ஒரு மேசைதான். விண்ணப்பதாரரின் ஆவணங்களில் பெயர், தந்தை பெயர், முகவரி ஆகியவை ஒத்துப்போகின்றனவா என்று வரிசையாகப் பார்ப்போம், ஓ.டி.பி. வரவேண்டிய செல்பேசி எண் இன்னும் பயன்பாட்டில் இருக்கிறதா என்று கேட்போம்; அதன் பிறகே இ-சேவை மையத்துக்கு அனுப்புவோம். வருமானச் சான்றிதழ், முதல் தலைமுறைப் பட்டதாரிச் சான்றிதழ் ஆகியவற்றுக்கே அதிகம் பேர் வந்தார்கள். அரசுப் பள்ளியில் 6 முதல் 12ஆம் வகுப்பு வரை படித்த மாணவியருக்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022இலும், மாணவர்களுக்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024இலும் தொடங்கப்பட்டன. உங்கள் படிப்பு அவற்றுக்குள் வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் முதலிலேயே கேட்டுவிடுங்கள். வராவிட்டாலும், பட்டப்படிப்பில் சேரவிருக்கும் தம்பி தங்கைகளுக்கு அந்தத் தகவல் உதவும்.

இதில் தலைமைத்துவம் எங்கே என்று எங்கள் ஆசிரியர் ஒருவரே கேட்டார். ஒரு விண்ணப்பம் ஏன் திரும்பி வந்தது என்பதை ஒவ்வொரு முறையும் குறிப்பேட்டில் எழுதி, ஆண்டு முடிவில் அடுத்த அணியின் இருவரை ஒரு மாதம் பக்கத்தில் உட்காரவைத்துப் பழக்கிவிட்டுப் போனோம். அதைத்தான் அவருக்குப் பதிலாகக் காட்டினோம். பிறருடைய ஆவணங்களின் நகல்களை மட்டும் கல்லூரியில் வைத்துக்கொள்ளாதீர்கள்; பார்த்த கையோடு திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

மேசை போடும் நேரத்தைப் பேருந்து நேரத்தைப் பார்த்து முடிவு செய்யுங்கள். எங்களுக்கு மதிய உணவு வேளைதான் ஒத்துவந்தது. மாலையில் மணி அடித்தவுடன் பாதிப் பேர் பேருந்து நிலையத்துக்கு ஓடிவிடுவார்கள்.