மணிக் கைச்சரம் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும்?

பினாங்கில் மணி கோத்துக் கொடுத்துவரும் சகோதரி ஒருவர், வாசகர்களின் கேள்விகளுக்கு அளித்த பதில்கள்.

கேள்வி (ஆயர் ஈத்தாம்): அக்கா, என் மணிக்கட்டின் சுற்றளவு 16 செ.மீ. அதனுடன் ஒன்றரை செ.மீ. கூட்டி, 8 மி.மீ. மணிகளை எலாஸ்டிக் நூலில் கோத்தேன். ஆனால் கையை இறுக்குகிறது. அளவெடுத்ததில் பிழையா?

பதில்: அளவில் பிழையில்லை, மணியின் பருமன்தான் கணக்கில் விடுபட்டிருக்கிறது. சரத்தை நீட்டி வைத்து அளக்கும்போது நூல் ஓடும் நடுக்கோட்டின் நீளமே கிடைக்கிறது. அதை வளைத்து அணிந்தபின் தோலைத் தொடுவது மணிகளின் உட்புறம் என்பதால், அந்த உட்சுற்று நடுக்கோட்டைவிட மணியின் விட்டத்தைப்போல் ஏறத்தாழ 3.14 மடங்கு குறைந்துவிடும். 6 மி.மீ. மணியானால் 1.9 செ.மீ., 8 மி.மீ. மணியானால் 2.5 செ.மீ., 12 மி.மீ. மணியானால் 3.8 செ.மீ. குறையும். உங்கள் 17.5 செ.மீ. சரத்தின் உட்சுற்று 15 செ.மீ. மட்டுமே. 23 மணிகள் கோத்தால் 18.4 செ.மீ. வரும், எலாஸ்டிக் சற்று இளகுவதால் அதுவே போதும். இளகாத நூலில் கோத்துக் கொக்கி வைப்பதானால் மேலும் அரை முதல் ஒரு செ.மீ. கூட்டுங்கள், கொக்கியும் வளையமும் அந்த மொத்த நீளத்துக்குள் அடங்க வேண்டும்.

கேள்வி (பட்டர்வொர்த்): மருமகளுக்குத் தெரியாமல் ஒன்று செய்து தர விரும்புகிறேன். அவளது வளையல் அளவு 2.4 என்பது மட்டும் தெரியும்.

பதில்: 2.4 என்பது தசமக் கணக்கு அன்று; இரண்டு அங்குலமும் பதினாறில் நான்கு பங்கும், அதாவது இரண்டே கால் அங்குல உள்விட்டம். சுற்றளவு சுமார் 18 செ.மீ. ஆனால், அம்மா, வளையல் அளவு விரல்முட்டுகளைத் தாண்டி நுழைவதற்காகப் பார்க்கப்படுவது. மணிக்கட்டு எவ்வளவு மெலிந்தது என்பதை அது சொல்லாது. அவர் அணியும் கைக்கடிகாரத்தின் வாரை, வழக்கமாக மாட்டும் துளையில் மாட்டி, உட்புறமாக ஒரு நூலை ஓட்டி அளந்துகொள்ளுங்கள்.

கேள்வி (ஜார்ஜ்டவுன்): அப்பாவுக்கு 27 உருத்திராட்ச மணிகளில் கைச்சரம் வேண்டும். மணிக்கட்டு 17 செ.மீ.

பதில்: எண்ணிக்கையை மாற்ற முடியாதபோது மணியின் அளவைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். 8 மி.மீ. மணிகள் 21.6 செ.மீ. வந்து, உட்சுற்று 19 செ.மீ.க்கு மேலாகி, கைமேல் நழுவும். 7 மி.மீ. மணிகளின் உட்சுற்று 16.7 செ.மீ.; சற்று இறுக்கம். அதே அளவுள்ள மேரு மணி (மாலையின் தொடக்கத்தைக் காட்டும் தலைமணி) ஒன்றையும் சுற்றிலேயே சேர்த்தால் 17.4 செ.மீ. ஆகி, இதமாக அமரும். உருத்திராட்சம் ஒன்றுபோல் ஒன்று இராது. ஆகவே கடைசி முடிச்சுக்கு முன் கோத்த சரத்தை ஒருமுறை கையில் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): காலையில் சரியாக இருப்பது மாலையில் பிடிக்கிறதே?

பதில்: நம் ஊர் வெயிலில் கை சற்று வீங்குவது இயல்பு. பிற்பகலில் அளவெடுங்கள்.