சிறுமிகளுக்கான சாஃப்ட்பால் போட்டிக்கு அம்பயர்களை எங்கே பிடிப்பது, யாரை எப்போது நிறுத்துவது, எவ்வளவு கொடுப்பது?

கேட்டிருப்பவர் அமெரிக்காவில் இருக்கும் ஓர் அப்பா. மகள் சாஃப்ட்பால் (பேஸ்பாலைப் போன்ற ஆட்டம்) ஆடும் கிளப், ஜூன் மாதத்தில் 12 வயதுக்குட்பட்டோருக்கு 16 அணிகளை வைத்து ஒரு வார இறுதிப் போட்டி நடத்தப் போகிறது. அம்பயர் பொறுப்பு அவரிடம் வந்திருக்கிறது. டாலஸுக்கு வடக்கே எங்கள் கிளப்பில் சில வருடங்களாக இந்த வேலையை நான்தான் பார்க்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பல கிளப்கள் அணிகளைச் சேர்த்து, நுழைவுக் கட்டணமும் வாங்கிய பிறகுதான் அம்பயர் தேடக் கிளம்புகின்றன. நீங்கள் மறுமுனையிலிருந்து தொடங்குங்கள். எத்தனை அம்பயர்கள் உறுதியாக வருவார்கள் என்று தெரிந்த பிறகு, எத்தனை அணி என்று முடிவு செய்யுங்கள். நான் சொல்ல வருவதில் முக்கியமானது இதுதான்.

கணக்கைப் பாருங்கள். 16 அணிகள், நான்கு பூல், அதாவது நான்கு குழு. சனிக்கிழமை ஒவ்வோர் அணிக்கும் 3 ஆட்டம் என்றால் மொத்தம் 24. நான்கு மைதானம் இருந்தால் ஒன்றுக்கு 6 ஆட்டம். காலை 8 மணிக்கு ஆரம்பித்து ஒன்றரை மணி நேரத்துக்கு ஒன்றாகப் போனால் கடைசி ஆட்டம் 3:30க்குத் தொடங்கும். ஆட்டத்துக்கு இரண்டு அம்பயர்: பிளேட்டில், அதாவது பந்தை அடிப்பவருக்கும் கேட்சருக்கும் பின்னால் ஒருவர்; ரன்னர்கள் ஓடும் பேஸில் ஒருவர். ஆக 48 இடங்களை நிரப்ப வேண்டும். எட்டுப் பேரை வைத்தும் நிரப்பிவிடலாம்தான். ஆனால் அந்த எட்டுப் பேரும் டெக்சாஸ் ஜூன் வெயிலில் ஆளுக்கு ஆறு ஆட்டம் நிற்க வேண்டியிருக்கும். மாஸ்க், மார்புக் கவசம், கால் கவசம் எல்லாம் மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு பந்துக்கும் குனிந்து நிமிரும் வேலை அது. நாலாவது ஆட்டத்தில் ஸ்ட்ரைக் ஸோன் (சரியான பந்து என்று அம்பயர் எண்ணும் பகுதி) ஆட ஆரம்பிக்கும், கோச்கள் கத்துவார்கள். களைப்பைத் திறமைக் குறைவு என்று பெற்றோர் நினைப்பார்கள்.

அதனால் மைதானத்துக்கு மூன்று பேர் என்று வைத்துக்கொள்ளுங்கள். இருவர் ஆட்டத்தில், ஒருவர் நிழலில். முதல் ஆட்டத்தில் பிளேட்டில் நின்றவர் இரண்டாவதில் பேஸுக்குப் போவார், மூன்றாவதில் ஓய்வு. இப்படிச் சுற்றினால் ஆறு ஆட்டத்தில் ஒவ்வொருவருக்கும் இரண்டு பிளேட், இரண்டு பேஸ், இரண்டு ஓய்வு. யாரும் அடுத்தடுத்து இரண்டு ஆட்டத்துக்குப் பிளேட்டில் நிற்க வேண்டாம். மொத்தம் 12 பேர் தேவை. கூடவே, கூப்பிட்டால் வரக்கூடிய இருவரைக் கையிருப்பில் வையுங்கள். பத்துப் பேர்தான் தேறுகிறார்கள் என்றால் 12 அணிகளோடு நிறுத்துங்கள். இல்லையென்றால் பூல் ஆட்டங்களுக்கு ஒரே அம்பயர்தான் என்று பதிவு செய்யும்போதே எழுதிக் கொடுங்கள். அன்று காலை சொன்னால் சண்டைதான்.

ஞாயிறு இதைவிடச் சுலபம். 16 அணிகள் தோற்றால் வெளியே என்ற முறையில் ஆடினால் 15 ஆட்டம். காலையில் நான்கு மைதானமும் ஓடும், மதியத்துக்கு மேல் ஒன்றிரண்டுதான். அரையிறுதிக்கும் இறுதிக்கும் மூன்று அம்பயர்கள் நிற்பது நல்லது. அந்த மூவர் யார் என்பதைச் சனிக்கிழமை பார்த்த ஆட்டத்தை வைத்து முடிவு செய்யுங்கள். பழகியவர், சீனியர் என்று கொடுத்தால் மற்றவர்கள் அடுத்த வருடம் உங்கள் போனை எடுக்க மாட்டார்கள்.

இனி ஆள் பிடிப்பது. தட்டுப்பாடு உங்கள் ஊரில் மட்டும் இல்லை. உயர்நிலைப் பள்ளி விளையாட்டுகளின் தேசியக் கூட்டமைப்பான என்எஃப்எச்எஸ் தந்த கணக்குப்படி, 2018-19க்குப் பிந்தைய சுமார் மூன்று ஆண்டுகளில் எல்லா விளையாட்டுகளிலுமாக ஏறத்தாழ 50,000 நடுவர்கள் விலகினார்கள். இடையில் கொரோனாவும் வந்தது என்றாலும், விலகியவர்களிடம் பேசினால் பெற்றோர், கோச்களின் வசவைத்தான் முதலில் சொல்வார்கள். 2022 ஏப்ரலில் மிசிசிப்பி மாநிலம் லாரல் நகரில், 12 வயதுச் சிறுமிகளின் சாஃப்ட்பால் ஆட்டத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஒரு தாய், ஆட்டம் முடியும்வரை காத்திருந்து அந்தப் பெண் அம்பயரை முகத்திலேயே குத்தினார். 2023இல் நியூ ஜெர்சியின் டெப்ட்ஃபர்ட் லிட்டில் லீகில் வசவு தாங்காமல் அம்பயர்கள் விலகியதும், அம்பயரிடம் வம்பு செய்யும் பெற்றோர் தாங்களே மூன்று ஆட்டங்களுக்கு அம்பயராக நின்ற பிறகுதான் மைதானத்துக்குள் வரலாம் என்று விதி போட்டார்கள். எனக்கு மிகவும் பிடித்த விதி அது.

நீங்கள் முதலில் பேச வேண்டியவர் உள்ளூர் அம்பயர் சங்கத்தின் அசைனர், அதாவது எந்த ஆட்டத்துக்கு எந்த அம்பயர் என்று ஒதுக்குபவர். ஜனவரி, பிப்ரவரியிலேயே பேசிவிடுங்கள். ஜூனில் ஒரே வார இறுதியில் சுற்று வட்டாரத்தில் பல போட்டிகள் நடக்கும். முதலில் தேதி சொன்னவருக்குத்தான் நல்ல ஆட்கள் கிடைப்பார்கள். பள்ளி சீசன் முடிந்த பிறகு பள்ளி அம்பயர்கள் ஓய்வாக இருப்பார்கள் என்பது உங்களுக்குச் சாதகம். உங்கள் போட்டி எந்த அமைப்பின் கீழ் நடக்கிறது, யூஎஸ்ஏ சாஃப்ட்பாலா, யூஎஸ்எஸ்எஸ்ஏவா, பிஜிஎஃபா என்பதையும் தெளிவாகச் சொல்லுங்கள். ஒவ்வொன்றுக்கும் விதிகளில் சின்னச் சின்ன வித்தியாசம் உண்டு, பதிவும் தனி. அந்தப் பதிவு இருந்தால்தான் காப்பீடு நிற்கும். பின்னணிச் சோதனை, சேஃப்ஸ்போர்ட் பயிற்சி (விளையாட்டில் குழந்தைகளைத் துன்புறுத்தலிலிருந்து காப்பது பற்றியது) இரண்டும் முடிந்த சான்று இல்லாத எந்தப் பெரியவரையும் குழந்தைகளின் மைதானத்தில் நிறுத்தாதீர்கள். தெரிந்தவர்தானே என்று இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது.

சங்கத்தையே நம்பிக்கொண்டும் இருக்க முடியாது. புதியவர்களை நாமே வளர்க்க வேண்டும். முதல் தேர்வு, உங்கள் கிளப்பிலேயே ஆடிய பெண்கள். 16, 17 வயதில் ஆடிக்கொண்டிருப்பவர்கள், கல்லூரிக்குப் போய் விடுமுறைக்கு வந்திருப்பவர்கள். ஆட்டம் அவர்களுக்கு அத்துப்படி, கைச்செலவுக்குப் பணமும் வேண்டும். அவர்களைப் பத்து வயதுப் பிரிவில் தொடங்க விடுங்கள். அங்கே பிட்சர் (பந்து வீசுபவள்) 35 அடியிலிருந்து 11 அங்குலப் பந்தை வீசுவாள். 12 வயதில் 40 அடி, 12 அங்குலப் பந்து. 14 வயதுப் பிரிவிலிருந்து 43 அடி. வேகமும் பெற்றோரின் கோபமும் அதே வரிசையில்தான் ஏறும்.

புதியவரோடு கட்டாயம் ஓர் அனுபவசாலியைச் சேர்த்து நிறுத்துங்கள். ஆட்டம் முடிந்ததும் அந்த அனுபவசாலி ஒன்றோ இரண்டோ மட்டும் சொல்லட்டும்: "கேட்சர் நகர்ந்தாலும் உன் தலை நகரக் கூடாது", "கையைக் காட்டிவிட்டுப் பிறகு சத்தமாகச் சொல்லு". பத்துக் குறை சொன்னால் அடுத்த வாரம் அந்தப் பெண் வரமாட்டாள். அவளுடைய முதல் ஆட்டங்களில் கிளப்பைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் தடுப்புக் கம்பியோரம் நிற்க வேண்டும். அவர் தீர்ப்பில் தலையிட வேண்டாம், யாராவது குரலை உயர்த்தினால் அவர்களிடம் போய்ப் பேச வேண்டும், அவ்வளவுதான். இந்த ஒரு ஏற்பாட்டால் மட்டுமே எங்களிடம் தங்கிய இளம் அம்பயர்கள் உண்டு.

நம்மவர்களிடமும் ஆள் இருக்கிறது. டாலஸ் பக்கம் வார இறுதி கிரிக்கெட் லீக்குகளில் அம்பயராக நிற்கும் தமிழர்களை நீங்களும் பார்த்திருப்பீர்கள். வெயிலில் மணிக்கணக்கில் நிற்கும் பொறுமையும், அப்பீல் கேட்டதும் பதறாத மனதும் அவர்களுக்குப் பழக்கமானவை. ஆனால் புதிதாகக் கற்க நிறைய உண்டு. ரன்னர் எந்த பேஸில் இருக்கிறார் என்பதைப் பொறுத்து பேஸ் அம்பயர் நிற்கும் இடம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்றாவது ஸ்ட்ரைக்கை கேட்சர் பிடிக்காமல் விட்டால் என்ன, பந்தில்லாமல் வழியை மறிக்கும் ஃபீல்டரை என்ன செய்வது, பிட்சர் 8 அடி ஆர வட்டத்துக்குள் பந்தோடு நிற்கும்போது பேஸை விட்டு விலகி நிற்கும் ரன்னர் உடனே முன்னே ஓடவோ திரும்பவோ வேண்டும் என்பது... இதெல்லாம் டிவியில் பார்த்து வராது. சீசனுக்கு முன் நடக்கும் பயிற்சி முகாமுக்கு அனுப்பி, சில வாரங்கள் உள்ளூர் லீக்கில் நிற்க வைத்து, பிறகு போட்டிக்குக் கூப்பிடுங்கள்.

அட்டவணையை அசைன்ர் (Assignr) அல்லது ஆர்பிட்டர் போன்ற செயலியில் ஏற்றிவிட்டால் யார் ஒப்புக்கொண்டார், யார் பதிலே போடவில்லை என்பது தெரிந்துவிடும். வியாழக்கிழமைக்குள் ஒவ்வொருவரையும் போனில் உறுதி செய்யுங்கள். குறுஞ்செய்திக்கு வந்த கட்டைவிரலை நம்ப வேண்டாம். சொந்தப் பிள்ளை ஆடும் அணிக்கு யாரையும் போடாதீர்கள். ஒரே அணிக்கு ஒரே பிளேட் அம்பயர் மீண்டும் மீண்டும் வராமலும் பார்த்துக்கொள்ளுங்கள். இடி கேட்டால் கடைசி இடியிலிருந்து 30 நிமிடம் ஆட்டம் நிற்க வேண்டும், நடுவில் இன்னொன்று கேட்டால் மறுபடி முதலிலிருந்து. அந்த இழுவைக்கு அட்டவணையில் எங்காவது ஒரு மணி நேரம் இடம் விடுங்கள்.

பணத்துக்கு வருவோம். ஆட்டத்துக்கு 55 டாலர் என்று வைத்துக்கொண்டால் சனிக்கிழமை 48 இடங்களுக்கு 2,640. ஞாயிறு 30 இடங்களுக்கு 1,650. அரையிறுதி, இறுதிக்கு மூன்றாவது ஆள் 165. மொத்தம் 4,455 டாலர், அணிக்கு ஏறக்குறைய 280. கட்டணம் வந்தவுடன் இந்த 280ஐத் தனியாக எடுத்து வைத்துவிடுங்கள். டி-ஷர்ட்டுக்கும் கோப்பைக்கும் அதைத் தொடக் கூடாது. பிளேட்டுக்கும் பேஸுக்கும் ஒரே தொகை கொடுங்கள், சுற்று முறையில் எல்லாருக்கும் இரண்டும் வருகிறதே. துணை வராமல் தனியாக நின்றவருக்கு ஒன்றரை மடங்கு. முதல் பந்து வீசப்பட்டபின் மழை வந்து நின்றால் முழுத் தொகை, மைதானத்துக்கு வந்த பிறகு ஆட்டமே நடக்கவில்லை என்றால் பாதி. இதையெல்லாம் கூப்பிடும்போதே மின்னஞ்சலில் எழுதிவிடுங்கள்.

சில போட்டிகளில் ஆட்டத்துக்கு முன் இரண்டு கோச்களும் ஹோம் பிளேட்டில் வைத்து அம்பயர் கையில் பணத்தைக் கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். பணத்தைக் கையில் கொடுத்த கோச், மூன்றாவது இன்னிங்ஸில் "உனக்குக் காசு கொடுத்தது நான்" என்ற தொனியில்தான் பேசுவார். சிறுமிகளும் டக்அவுட்டிலிருந்து அதைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். கிளப் மட்டுமே கொடுக்க வேண்டும், ஒவ்வொரு அம்பயருக்கும் நேரடியாக, அதே நாளில். ஸெல், வென்மோ போன்ற பணம் அனுப்பும் செயலி, காசோலை எதுவானாலும் சரி, அவர் காருக்குப் போவதற்குள் போய்ச் சேர்ந்துவிட வேண்டும். மாதக் கடைசியில் தருகிறோம் என்று இழுத்தடித்த போட்டியின் பெயர் அம்பயர்கள் வட்டத்தில் ஒரே வாரத்தில் பரவிவிடும்.

வரி விஷயம் சுருக்கமாக: பொதுவாக அம்பயர்களைக் கிளப்பின் ஊழியர்களாக அல்ல, தனி ஒப்பந்தக்காரர்களாகத்தான் கணக்கில் வைப்பார்கள். முதல் ஆட்டத்துக்கு முன்பே அவர்களின் வரி எண்ணைத் தரும் டபிள்யூ-9 படிவம் வாங்கி வையுங்கள். ஓர் ஆண்டில் ஒருவருக்கு 600 டாலரோ அதற்கு மேலோ கொடுத்தால், கொடுத்த தொகையைக் காட்டும் 1099-என்இசி வரிப் படிவம் அனுப்ப வேண்டும் என்றிருந்தது. 2026 முதல் கொடுக்கும் பணத்துக்கு அந்த வரம்பு 2,000 டாலர். உங்கள் மாநில விதியை ஒரு கணக்காளரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

நிழல் கூடாரம், ஐஸ் போட்ட தண்ணீர், மதியச் சாப்பாடு, உடை மாற்ற ஓர் அறை, மைதானத்துக்குப் பக்கத்தில் கார் நிறுத்த இடம் இவையும் உங்கள் பொறுப்புதான். கடைசி ஆட்டம் முடிந்து அம்பயர்கள் காருக்குப் போகும்போது கிளப் ஆள் ஒருவர் கூடவே நடக்கட்டும். லாரலில் நடந்தது ஆட்டம் முடிந்த பிறகுதான். உங்களிடம் எத்தனை மைதானம் இருக்கிறது, ஆட்டத்துக்கு எவ்வளவு நேர வரம்பு என்று எழுதினால் சனி, ஞாயிறு இரண்டு நாளுக்கும் அம்பயர் சுற்றைப் போட்டு அனுப்புகிறேன்.